கம்ப்யூட்டர் தானாக அணைந்துபோகிறதா? சுவர் பிளக்கில் தொடங்கி மதர்போர்டு வரை ஒரு முழுச் சோதனை

எங்கள் வீட்டு டெஸ்க்டாப் இரண்டு மாதம் என்னைப் படுத்தியது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென ‘டக்’ என்று ஒரு சத்தம், திரை கறுப்பு, விசிறி நின்றுவிடும். பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்காதது மாதிரி மறுபடி ஓடும். கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று நாள் வைத்திருந்து பார்த்தார்கள், ஒருமுறைகூட அணையவில்லை. “எஸ்எம்பிஎஸ் வீக்கா இருக்கு சார்” என்று, பெட்டிக்குள் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் அந்தப் பவர் சப்ளையைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே பழைய கதை. மறுபடி எடுத்துப் போனால், “அப்போ மதர்போர்டுதான்” என்று, எல்லாப் பாகங்களும் சொருகியிருக்கும் பெரிய பலகையைக் காட்டினார்கள். அந்தப் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்புதான் எனக்கு உறைத்தது: கடையில் மூன்று நாள் அணையாத பெட்டி, வீட்டில் மட்டும் ஏன் அணைகிறது?

அதற்கு விடை கிடைத்த விதத்தைப் பின்னால் சொல்கிறேன். எதையும் வாங்குவதற்கு முன், எப்போது அணைகிறது, எப்படி அணைகிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது: செலவில்லாத சோதனை முதலில், பணம் கேட்கும் சோதனை கடைசியில்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. முக்கியமான கோப்புகளையும் குடும்பப் படங்களையும் இன்றைக்கே ஒரு பென்டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ போட்டுவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் பறிபோனால் டிஸ்க்கில் இருக்கும் தகவல் எந்த நேரமும் கெடலாம். இன்னொன்று: இந்தப் பிரச்சினை தீரும்வரை பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டில் ஓடும் அடிப்படை நிரல்) அப்டேட் பக்கமே போகாதீர்கள். அப்டேட் நடக்கும்போது பெட்டி அணைந்தால், இப்போது நன்றாக இருக்கும் மதர்போர்டும் போய்விடும்.

அணைவதில் நாலு விதம்

“தானா ஆஃப் ஆயிடுது” என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். பக்கத்தில் இருந்து பார்த்தால் அது நாலு வேறு நோய்.

ஒன்று, கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் நின்றுபோவது. விசிறி, விளக்கு, திரை எல்லாம் ஒரே நேரத்தில் போகும். மின்சாரம், சூடு, எஸ்எம்பிஎஸ், பவர் பட்டன் இந்த நான்கில் ஒன்று காரணமாக இருக்கும். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அணைந்த பிறகு பட்டனை அழுத்தினால் உடனே ஓடுகிறதா, இல்லை சுவரில் சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் விட்டுப் போட்டால்தான் ஓடுகிறதா? இரண்டாவது வகை என்றால், எஸ்எம்பிஎஸ் ஏதோ ஆபத்தைக் கண்டு தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லலாம்.

இரண்டு, அணைந்து தானாகவே மறுபடி கிளம்புவது. இதை விண்டோஸ் செய்துகொண்டிருக்கலாம். பெரிய பிழை நேர்ந்தால் விண்டோஸ் காட்டும் நீலத்திரை வந்தால் உடனே ரீஸ்டார்ட் ஆகும்படிதான் அது அமைக்கப்பட்டிருக்கிறது. திரை வந்த வேகத்தில் போய்விடுவதால் நம் கண்ணில் படுவதில்லை. ராம் (தற்காலிக நினைவகம்), டிரைவர் (பாகங்களை இயக்கும் நிரல்), கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் அனுப்பும் அட்டை) பக்கம் முதலில் பாருங்கள்.

மூன்று, ‘ஷட்டிங் டவுன்’ என்று எழுத்து வந்து, முறைப்படி அணைவது. இதில் உதிரிபாகத்தின் மேல் பழி போட வேண்டாம். யாரோ ஒருவர், அல்லது ஏதோ ஒரு நிரல், அணையச் சொல்லியிருக்கிறது.

நான்கு, திரை மட்டும் கறுப்பாகி விசிறி ஓடிக்கொண்டே இருப்பது. இது அணைவதே இல்லை. கீபோர்டில் கேப்ஸ் லாக் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு மாறிமாறி எரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. மானிட்டர், அதன் கேபிள், கிராபிக்ஸ் கார்டு, அல்லது ஸ்லீப் அமைப்பு என்று தேட வேண்டும். விளக்கு அசையவே இல்லையென்றால் ஹேங் ஆகிவிட்டது.

ஒரு நோட்டும் பேனாவும்

சிரிக்காதீர்கள், எனக்கு இருபதாயிரம் ரூபாய் மதர்போர்டு செலவை மிச்சப்படுத்தியது பத்து ரூபாய் நோட்டுதான். ஒவ்வொரு முறை அணையும்போதும் கிழமை, மணி, நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், வீட்டில் வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது, அணைவதற்கு முன் ஏதாவது சத்தம் கேட்டதா, விசிறி வேகமெடுத்ததா, மறுபடி எப்படிக் கிளம்பியது, இவ்வளவையும் இரண்டு வரியில் எழுதுங்கள். ஐந்தாறு பதிவு சேர்ந்ததும் ஒரு சாயல் தெரியத் தொடங்கும். போட்ட அரைமணி நேரத்தில் என்றால் சூடு. கேம் விளையாடும்போது மட்டும் என்றால் கிராபிக்ஸ் கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும். மாலை ஆறரையிலிருந்து எட்டுக்குள் என்றால் வீட்டு மின்சாரம். எந்தச் சாயலும் இல்லாமல் சும்மா இருக்கும்போதுகூட அணைகிறது என்றால் பட்டனையும் லூசான இணைப்புகளையும் முதலில் பாருங்கள்.

விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் குறிப்பு

நாம் எழுதாவிட்டாலும் விண்டோஸ் தன் பங்குக்கு எழுதிக்கொண்டேதான் இருக்கிறது. ஸ்டார்ட்டில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று தேடித் திறந்து, இடப்பக்கம் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். வலப்பக்கத்தில் ஃபில்டர் கரன்ட் லாக் என்பதை அழுத்தி, எண் கேட்கும் கட்டத்தில் 41, 1074, 6008 மூன்றையும் காற்புள்ளி இட்டுக் கொடுங்கள்.

1074 என்றால், அணைவதற்கு ஒரு நிரலோ ஒரு பயனரோ உத்தரவு கொடுத்திருக்கிறார்கள். எந்த நிரல் என்ற பெயரும் அங்கேயே இருக்கும். நடு இரவில் விண்டோஸ் அப்டேட் ரீஸ்டார்ட் போட்டதெல்லாம் இங்கே மாட்டிக்கொள்ளும். மேலே சொன்ன மூன்றாவது வகைக்காரர்களுக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

6008 என்பது ‘முன்பு அணைந்தது எதிர்பாராதது’ என்ற அறிவிப்பு. அணைந்த மணி அதில் இருக்கும். உங்கள் நோட்டோடு ஒப்பிட உதவும்.

இனி எல்லோரையும் குழப்பும் 41. ‘கெர்னல் பவர்’ என்று சிவப்புக் குறியோடு இருப்பதைப் பார்த்துவிட்டு, பவர் சப்ளை போய்விட்டது என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. அது காரணத்தைச் சொல்லும் பதிவு அல்ல. மறுபடி கிளம்பும்போது, “போன முறை நான் ஒழுங்காக மூடப்படவில்லை” என்று விண்டோஸ் போடும் முறையீடு, அவ்வளவுதான். நாம் கோபத்தில் பிளக்கைப் பிடுங்கினாலும் அதே 41 தான் வரும். ஆனால் அந்தப் பதிவின் ‘டீடெயில்ஸ்’ பக்கத்தில் இரண்டு வரி முக்கியம். பக்செக்கோட் என்ற இடத்தில் 0 இருந்தால் நீலத்திரை எதுவும் பதிவாகவில்லை. மின்சாரம் வெட்டுப்பட்டது போல அணைந்திருக்கிறது. வேறு எண் இருந்தால் அது நீலத்திரையின் எண். ஒரு எச்சரிக்கை: அங்கே அது பத்தடிமான (டெசிமல்) எண்ணாக இருக்கும், நீலத்திரை எண்களோ பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) இருப்பவை. 159 என்று இருந்தால் தேட வேண்டியது 9எஃப். 292 என்று இருந்தால் 124. முன்னது டிரைவர் சம்பந்தப்பட்டது, பின்னது ஹார்டுவேர் பிழை. இரண்டாவது வரி பவர்பட்டன் டைம்ஸ்டாம்ப். அதில் 0 இல்லாமல் ஒரு நீளமான எண் இருந்து, நீங்கள் பட்டனைத் தொடவே இல்லையென்றால், நேராகப் பட்டன் பகுதிக்குப் போய்விடுங்கள்.

தானாக ரீஸ்டார்ட் ஆகும் பெட்டியில் இன்னொரு வேலையும் செய்யுங்கள். ஸ்டார்ட்டில் ‘அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ தேடித் திறந்து, ஸ்டார்ட்டப் அண்டு ரெகவரி பகுதியில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ முன்னால் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை நீலத்திரை வந்தால் அப்படியே நிற்கும். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.

விண்டோஸா, பெட்டியா என்று பிரிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பெட்டியைப் போட்டதும் டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய், ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். அங்கேயும் அணைந்தால் விண்டோஸ் நிரபராதி. ஃபார்மேட் அடித்துப் பார்க்கலாம் என்று சொல்பவரை அன்போடு அனுப்பிவிடலாம்.

பெட்டிக்கு வெளியே

பெட்டியைத் திறக்கும் ஆசையை இன்னும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். வீடுகளில் பார்த்த வரையில் காரணம் வெளியே இருந்த கதைகள்தான் எனக்கு அதிகம் கிடைத்திருக்கின்றன.

பவர் கேபிளில் தொடங்குங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் சொருகும் முனையைப் பெட்டி ஓடும்போதே விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள். அணைந்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பிளக் தொளதொளவென்று ஆடுகிறதா, பிளக்கின் பின் எங்காவது கறுத்திருக்கிறதா, சொருகும் இடம் தொட்டால் சுடுகிறதா என்று பாருங்கள். சுட்டால் அந்த பாக்ஸைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், கம்ப்யூட்டருக்காக இல்லாவிட்டாலும் வீட்டுக்காக.

அதே பாக்ஸில் ஒரு சாதாரண பெட்ரூம் விளக்கைச் சொருகி, கண்ணில் படும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி அணையும் நொடியில் விளக்கும் மினுக்கினால் குற்றவாளி மின்சாரம். விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தால் குற்றவாளி பெட்டிக்குள் இருக்கிறது. இருபது ரூபாய் செலவில் இவ்வளவு தெளிவான சோதனை வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

அடுத்தது யுபிஎஸ். வீட்டில் பெரும்பாலும் இருப்பது 600 விஏ யுபிஎஸ். அந்த 600-ஐ வாட் என்று நினைத்துவிடக் கூடாது. பல மாடல்களில் அது தாங்குவது 360 வாட்தான். கிராபிக்ஸ் கார்டு போட்ட பெட்டி, மானிட்டர், ஸ்பீக்கர், மோடம் என்று எல்லாவற்றையும் அதில் தொங்கவிட்டால் மின்சாரம் போகும் அந்த நொடியில் அது கையை விரித்துவிடும். லேசர் பிரின்ட்டரை அதில் சொருகவே கூடாது. சூடேறும்போது அது இழுக்கும் மின்சாரத்தை இந்தச் சின்ன யுபிஎஸ் தாங்காது. உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துபோகும். பச்சை விளக்கு எரிகிறதே என்று நம்ப வேண்டாம்; மின்சாரம் இருக்கும்போது செத்த பேட்டரியோடும் அந்த விளக்கு எரியும்.

சோதிப்பது சுலபம். யுபிஎஸ்ஸை ஒரு ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற்றி, கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, அதில் ஒரு 60 வாட் குண்டு பல்பைப் போடுங்கள். சுவர் சுவிட்சை அணையுங்கள். நல்ல பேட்டரி என்றால் பத்து நிமிடத்துக்கு மேல் தாராளமாக எரியும். சில நொடிகளில் கீச்சென்று கத்திவிட்டு அணைந்தால் பேட்டரி முடிந்தது.

என் கதைக்கு இங்கேதான் விடை கிடைத்தது. நோட்டில் ஏழு பதிவு சேர்ந்திருந்தது. அதில் ஆறு, செவ்வாய் அல்லது சனிக்கிழமை மாலை. கிழமை பார்த்து அணையும் கம்ப்யூட்டரா என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தபோது, அவர் சிரிக்காமல், “அன்னைக்குத்தானேடா மாவு அரைக்கிறேன்” என்றார். கிரைண்டர் மோட்டார் கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். மாலையில் ஏற்கெனவே எங்கள் தெருவில் வோல்டேஜ் குறைவு. கிரைண்டர் கிளம்பியதும் அது இன்னும் சரியும், யுபிஎஸ் ‘டக்’ என்று பேட்டரிக்கு மாறும், பேட்டரியில் ஒன்றும் இல்லை, பெட்டி அணையும். அந்த ‘டக்’ யுபிஎஸ்ஸுக்குள் இருக்கும் ரிலே என்ற தானியங்கி சுவிட்சின் சத்தம். இரண்டு மாதமாகக் காதில் விழுந்துகொண்டிருந்த சத்தத்தை நான் பெட்டிக்குள் தேடிக்கொண்டிருந்தேன். கடையில் கிரைண்டர் இல்லை, அவர்கள் மேசைக்கு எங்கள் யுபிஎஸ்ஸும் போகவில்லை. அணையாததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

வீட்டு இன்வர்ட்டரில் கம்ப்யூட்டரை ஓட்டுபவர்கள் அதில் இருக்கும் ஒரு சின்ன சுவிட்சைப் பாருங்கள். ஒரு பக்கம் ‘யுபிஎஸ்’, மறுபக்கம் ‘நார்மல்’ அல்லது ‘வைடு’ என்று இருக்கும். நார்மலில் இருந்தால் மாறுவதற்கு எடுக்கும் நேரம் அதிகம். விசிறிக்கும் டியூப்லைட்டுக்கும் அது தெரியாது. எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிப்பதோ ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு, ஏறக்குறைய 16 மில்லி நொடி. அதற்குள் மாறாவிட்டால் பெட்டி அணைந்து ரீஸ்டார்ட் ஆகும். யுபிஎஸ் பக்கம் தள்ளிவிட்டால் பாதிப் பேருக்குத் தீர்ந்துவிடும். பழைய சதுர அலை இன்வர்ட்டரும், ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) உள்ள நல்ல தரமான எஸ்எம்பிஎஸ்ஸும் சில சமயம் ஒத்துப்போகாது. சைன் வேவ் இன்வர்ட்டரில் அந்தத் தொல்லை இல்லை.

யுபிஎஸ்ஸிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு யுஎஸ்பி கேபிள் போயிருந்தால், விண்டோஸ் அதை லேப்டாப் பேட்டரி போலவே நடத்தும். பேட்டரி குறைந்துவிட்டது என்று நினைத்து முறைப்படி அணைத்தும் விடும். சந்தேகம் இருந்தால் அந்தக் கேபிளை உருவிவிட்டு இரண்டு நாள் பாருங்கள்.

பவர் பட்டன் என்ற திருட்டுப் பூனை

பவர் பட்டனை நாலு நொடி அழுத்திப் பிடித்தால் பெட்டி அப்படியே அணையும். நமக்குத் தெரிந்ததுதான். பட்டன் தானே உள்ளே சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? அதேதான். மலிவான கேபினட்டில் (பெட்டியின் வெளிக்கூடு) ஸ்பிரிங் தளர்ந்து, தூசி புகுந்து, பட்டன் பாதி அமுங்கிய நிலையிலேயே நின்றுவிடும். போட்டதும் நாலைந்து நொடியில் அணைகிறது, அல்லது மேசையைத் தட்டினால் அணைகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

சுவர் சுவிட்சை அணைத்து, கேபிளை உருவி, பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, பக்க மூடியைத் திறங்கள். மதர்போர்டின் கீழ் ஓரத்தில், கேபினட் முகப்பிலிருந்து வரும் சின்னச் சின்ன ஒயர்கள் சொருகியிருக்கும். ‘பவர் எஸ்டபிள்யூ’ என்று எழுதிய முனையை உருவிவிடுங்கள். ரீசெட் ஒயரையும் சேர்த்து. அந்த இரண்டு பவர் பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டால் பெட்டி ஓடத் தொடங்கும். பக்கத்துப் பின்களைத் தொடாமல் இருக்க, மதர்போர்டு கையேட்டில் இடத்தைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இப்படி ஓடினால் அணையவில்லை என்றால் பட்டன்தான். ரீசெட் பட்டனின் ஒயரை பவர் பின்னில் மாட்டிக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். எதிர்வீட்டு அண்ணன் பெட்டிக்கு நான் செய்து கொடுத்ததும் அதைத்தான்.

சூடு

கணக்கெல்லாம் போடும் முக்கியச் சிப்பான ப்ராசஸர் சூடானால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பல இன்டெல் ப்ராசஸர்களில் அந்த எல்லை 100 டிகிரி. அப்படியும் சூடு ஏறிக்கொண்டே போனால்தான், தன்னைக் காத்துக்கொள்ள மொத்தமாக அணைத்துவிடும். அதனால் சூட்டால் அணையும் பெட்டி, அணைவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் மந்தமாக ஓடும், விசிறி இரைச்சல் போடும். இதை நோட்டில் எழுதியிருந்தால் இப்போது உதவும்.

எச்டபிள்யூ இன்ஃபோ அல்லது கோர் டெம்ப் போன்ற இலவச நிரல் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 35-லிருந்து 50 டிகிரி, கடும் வேலையில் 70-லிருந்து 85 என்றால் கவலை இல்லை. பிரவுசர் மட்டும் திறந்து வைத்து 80-ஐத் தாண்டினால் ஏதோ தவறு. ரைசன் 7000 வரிசைக்காரர்கள் முழு வேலையில் 95-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதன் வடிவமைப்பே அப்படி. நம் ஊர் மே மாதத்தில் அறையே 38 டிகிரி இருக்கும்போது எல்லாக் கணக்கும் கொஞ்சம் மேலே போகும் என்பதையும் மறக்க வேண்டாம். மேசைக்குக் கீழே கதவு போட்ட அறைக்குள் பெட்டியைத் தள்ளி வைத்திருந்தால் இப்போதே வெளியே இழுங்கள். அது கம்ப்யூட்டருக்குச் செய்த அறை இல்லை, அவியல் பாத்திரம்.

தூசியைப் ப்ளோயரால் ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும். வெட்டவெளியில், மூக்கில் துணி கட்டிக்கொண்டு செய்வது நல்லது. ப்ராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டை இறக்கும் ஹீட்சிங்க் தகடுகளின் இடுக்கில் கம்பளி போலப் படிந்திருக்கும் தூசி ப்ளோயருக்கும் அசையாது, ஒரு பழைய பெயின்ட் பிரஷ் வேண்டும்.

தூசியைவிட அதிகம் ஏமாற்றுவது ஒன்று உண்டு. இன்டெல் பெட்டியோடு வரும் வட்ட விசிறியை மதர்போர்டில் பிடித்திருப்பது நாலு பிளாஸ்டிக் கால்கள். பார்ப்பதற்கு நாலும் உள்ளே இருப்பது போலவே தெரியும். அக்கா வீட்டுப் பெட்டி கூகுள் திறந்தாலே 90-ஐத் தொட்டது. விசிறியை மெதுவாக ஆட்டிப் பார்த்தேன். ஒரு மூலை மட்டும் பல் ஆடுவது போல ஆடியது. மதர்போர்டைத் திருப்பி டார்ச் அடித்தால், மூன்று துளையில் பிளாஸ்டிக் நுனி விரிந்து கறுப்பு முள் நடுவில் தெரிகிறது, நான்காவதில் நுனி விரியவே இல்லை. வீடு மாறும்போது ஆட்டோவில் வந்த குலுக்கலில் கழன்றிருக்கிறது. ஹீட்சிங்க் ஒரு பக்கம் முடி அளவு தூக்கிக்கொண்டாலும் போதும், சூடு இறங்காது.

மாட்டுவதற்கு: காலின் தலையில் ஒரு அம்புக்குறி இருக்கும். அது கழற்றும் திசை. மாட்டும்போது தலையை அதற்கு எதிராகத் திருப்பி வைத்துவிட்டு, எதிரெதிர் மூலையாக இரண்டிரண்டு காலை ‘க்ளிக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். விசிறியை ஒருமுறை தூக்கிவிட்டால் ப்ராசஸரிலிருந்து ஹீட்சிங்குக்குச் சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் செல்லாது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, ப்ராசஸர் நடுவில் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்தால் போதும். சப்பாத்திக்கு நெய் தடவுவது போலத் தடவ வேண்டியதில்லை.

எஸ்எம்பிஎஸ்

வெளி மின்சாரம் சரி, பட்டன் சரி, சூடும் இல்லை, ஆனாலும் கேம் தொடங்கினால் அணைகிறது என்றால் இங்கே வாருங்கள். கேபினட்டோடு இலவசமாக வந்த ‘450 வாட்’ எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை விடுங்கள், 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றால், 12-ஆல் பெருக்கினால் 192 வாட்தான். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெருமளவு தின்பது இந்த 12 வோல்ட்டைத்தான். கார்டு சொருகும் ஸ்லாட் 75 வாட் வரை தரும், 6 பின் இணைப்பு இன்னொரு 75, 8 பின் 150. இதைக் கூட்டினாலே உங்கள் எஸ்எம்பிஎஸ் தாங்குமா என்று தெரிந்துவிடும்.

மல்டிமீட்டர் கையாளத் தெரிந்தவர்கள், பெட்டி ஓடும்போது காலியான பெரிய நாலு பின் இணைப்பில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே அளக்கலாம். 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் இருக்க வேண்டும். சிவப்புக்கும் கறுப்புக்கும் 4.75-லிருந்து 5.25 வரை. சும்மா இருக்கும்போது 12.1 காட்டிவிட்டு, கேம் தொடங்கியதும் 11.3-க்கு இறங்கினால் முடிவு தெளிவு. நிரல்கள் காட்டும் வோல்டேஜ் கணக்கை நம்பி எதையும் வாங்காதீர்கள். எனக்கு ஒருமுறை 12 வோல்ட் வரிசையில் 8 என்று காட்டியது, நிஜத்தில் அப்படி இருந்தால் பெட்டி ஓடியே இருக்காது.

24 பின் இணைப்பையும், ப்ராசஸர் பக்கத்தில் சொருகும் 4 அல்லது 8 பின் இணைப்பையும் ஒருமுறை கழற்றி, பழுப்பேறியிருக்கிறதா என்று பார்த்து, ‘க்ளிக்’ ஆகும்படி மாட்டுங்கள். பின்பக்கச் சல்லடை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பல்லி உள்ளே போய் ஒட்டிக்கொண்டு செத்துக் கிடப்பது நம் வீடுகளில் அபூர்வம் இல்லை, எறும்புக் கூட்டமும் உண்டு. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அதில் பரிசோதனை வேண்டாம். தெரிந்தவரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரண்டு நாள் இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் சரியான சோதனை.

ராமும் மற்றவையும்

ராம் கெட்டால் பெரும்பாலும் நீலத்திரை, ரீஸ்டார்ட், ஹேங். முழுசாக அணைவது குறைவு. இரண்டு ராம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு இரண்டு நாள், மற்றதைக் கழற்றி இரண்டு நாள். மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடலாம். ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ராம் வேண்டாம். ரப்பரால் தேய்த்து மாட்டும் நம் ஊர் வைத்தியம் பல சமயம் பலிக்கிறது, ஆனால் ரப்பர் தூளை ஊதாமல் சொருகினால் புது வியாதி.

யுஎஸ்பியில் சொருகியிருக்கும் எல்லாவற்றையும் உருவிவிட்டு ஒருநாள் பாருங்கள். கேபினட் முகப்பு யுஎஸ்பியில் உள்ளே பின் வளைந்து ஒன்றோடொன்று தொட்டால், சில மதர்போர்டுகள் 15 நொடியில் அணையப்போகிறேன் என்று திரையில் சொல்லிவிட்டே அணையும். மதர்போர்டில் இருக்கும் வட்ட 2032 பேட்டரி மேல் பழி போடுபவர்களும் உண்டு. அது தீர்ந்தால் தேதியும் மணியும் மறந்துபோகும், பயாஸ் அமைப்பு அழியும். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியை அது அணைப்பது கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம்.

மதர்போர்டு

எல்லாம் பார்த்தாகிவிட்டது, இரவல் எஸ்எம்பிஎஸ்ஸிலும் அணைகிறது என்றால்தான் மதர்போர்டு. ப்ராசஸரைச் சுற்றியிருக்கும் சின்ன உருளைகளின் (கெப்பாசிட்டர்கள்) தலை தட்டையாக இருக்க வேண்டும். பூரி போல உப்பியிருந்தாலோ பழுப்புத் திரவம் கசிந்திருந்தாலோ அதன் காலம் முடிந்தது. போர்டுக்கு அடியில் உதிர்ந்த திருகு ஏதாவது கிடக்கிறதா என்றும் பாருங்கள். போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து ஓட்டிப் பார்க்கலாம். வெளியே அணையவில்லை, உள்ளே அணைகிறது என்றால் கேபினட்டில் எங்கோ உலோகம் தொடுகிறது.

கடைக்குப் போவதென்றால் நோட்டையும் கொண்டுபோங்கள். “தானா ஆஃப் ஆகுது” என்று மட்டும் சொன்னால் அவர்களும் ஊகித்துத்தான் மாற்ற முடியும். “கேம் தொடங்கி பத்து நிமிடத்தில், சூடு 65-இல் இருக்கும்போதே, நேர் சுவர் பிளக்கில் வைத்தும் அணைகிறது” என்று சொன்னால் நல்ல மெக்கானிக் நேராக எஸ்எம்பிஎஸ்ஸில் கை வைப்பார். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சரியாகிவிட்டது என்று எப்போது சொல்லலாம்? மூன்று நாளுக்கு ஒருமுறை அணைந்துகொண்டிருந்த பெட்டி என்றால், குறைந்தது பத்து நாள் அணையாமல் ஓட வேண்டும். ஒருநாள் ஓடியதற்காக மூடியைத் திருகி மாட்டிவிட வேண்டாம். நான் யுபிஎஸ்ஸுக்குப் புதுப் பேட்டரி போட்ட பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமை, வேண்டுமென்றே பெரிய வீடியோ ஒன்றை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆறே முக்காலுக்கு சமையலறையில் கிரைண்டர் உறுமியது. பெட்ரூம் விளக்கு ஒருமுறை மங்கியது. யுபிஎஸ் ‘டக்’ என்றது, இரண்டு நொடி கழித்து மறுபடி ‘டக்’. வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. “இப்போ அணைஞ்சுதா?” என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டார்.